அவள் மிஷினில் மட்டும் வேறு வெளிச்சம்

ஆரணியில் வீடியோ கேம் வேலை நடந்தது என்று சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள். நடந்தது. இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்த சமயம். பஜாரில் ஒரு பட்டுக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், எட்டு கம்ப்யூட்டர்கள். கீழே சேலைக் கட்டுகள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மேலே நாங்கள் கோடாலி, மண்பானை, வண்டிச் சக்கரம் என்று செய்துகொண்டிருப்போம்.

முதலாளி பட்டு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. முதலில் சேலை பார்டர்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து தறிக்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் எப்படியோ சென்னையில் ஒரு கேம் கம்பெனியைப் பிடித்தார். ஒரு விளையாட்டில் கடைத்தெரு வருகிறது என்றால் அங்கே இருக்கிற தராசு, கூடை, சாக்குமூட்டை, குடை எல்லாவற்றையும் யாராவது ஒவ்வொன்றாக உட்கார்ந்து செய்தாக வேண்டும். அதுதான் எங்கள் வேலை. பொருளின் உருவத்தைச் செய்து, அதன்மேல் நிறமும் அழுக்கும் கீறலும் தீட்டி, சென்னைக்கு அனுப்புவோம்.

நான் வேலூரில் எம்.சி.ஏ. முடித்தவன். எனக்கு வரைய வராது. சென்னைக்காரர்கள் கொடுத்த எடிட்டர் என்ற சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்வது, அது கெட்டுப்போனால் சரிசெய்வது, பொருள்கள் போகும் முன் கடைசியாக ஒரு முறை பார்த்து அனுப்புவது என் பொறுப்பு. அந்த எடிட்டரின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுரம் உண்டு. பிரிவியூ என்போம். செய்து முடித்த பொருள் அதற்குள் மெதுவாகச் சுற்றும். அங்கே பார்த்துத்தான் நல்லாயிருக்கிறது, இல்லை என்று முடிவெடுக்க வேண்டும்.

அந்தச் சதுரம் மகா மோசம். பின்னணி முழுக்கக் கறுப்பு. ஒரே ஒரு லைட், அதுவும் பார்க்கிறவன் கண்ணிலிருந்தே அடிப்பதுபோல நேராக. எதைப் போட்டாலும் தட்டையாகத் தெரியும். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. முதலில் கேட்டது அவள்தான்.

அவள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரின் மகள். டிகிரி முடித்துவிட்டு வந்து சேர்ந்து மூன்று நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவர்கள் சர்ச்சில் அந்த வருஷத்துக்கென்று எடுக்கிற பைபிள் வசனத்தைப் பலகையில் எழுதுவது அவள் என்று கூட வேலை செய்த ஒருத்தி சொல்லியிருந்தாள். கை அப்படி. மரச்சக்கரம் செய்யச் சொன்னால், ஆரக்கால் சக்கரத்தின் நடுக்குடத்தில் செருகுகிற இடத்தில் எண்ணெய்க் கறை எப்படிப் படியும் என்பதுவரை தீட்டுவாள்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இந்தக் கடப்பாரைய கொஞ்சம் பாருங்களேன்."

சதுரத்தைப் பார்த்தேன். "எங்க?"

"அதான் நானும் கேக்கறேன். எங்க?"

கறுப்பு இரும்பு, கறுப்புப் பின்னணி. கடப்பாரை உள்ளேதான் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்த வாரம் ஏதோ அப்ளிகேஷனுக்காக போட்டோ எடுக்க ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூல்மேல் உட்கார வைத்துவிட்டு ஸ்டூடியோக்காரர் எனக்குப் பின்னால் தரையில் ஒரு சின்ன லைட்டை வைத்தார். முன்னால் ஏற்கெனவே இரண்டு இருந்தன, ஒன்று பளிச்சென்று, இன்னொன்று குடைக்குள் மங்கலாக.

"பின்னாடி எதுக்குண்ணே லைட்டு? போட்டோவுலதான் தெரியாதே."

"அது இல்லன்னா உன் தலமுடி ஸ்கிரீனோட போயி ஒட்டிக்கும்பா. ஆளு வேற, துணி வேறன்னு பிரிஞ்சி நிக்கணும் இல்ல?"

வெளியே வரும்போது என்ன செய்யவேண்டும் என்று தெரிந்துவிட்டது. மூன்று நாள் உட்கார்ந்தேன். கறுப்பை எடுத்துவிட்டு, மேலே வெளிறி, கீழே போகப் போக அடர்த்தியாகும் சாம்பல் நிறத்தைப் பின்னணியாக வைத்தேன். இடது பக்கம் மேலிருந்து ஒரு பலமான லைட். வலது பக்கம் அதில் பாதிகூட இல்லாத இன்னொன்று. முதுகுப் பக்கமாக மூன்றாவது. பொருளுக்கு அடியில் லேசாக ஒரு நிழல், அந்தரத்தில் தொங்காமல் எதன்மேலோ நிற்பதுபோல. நான்காம் நாள் அவள் கடப்பாரையைப் போட்டுப் பார்த்தோம். முனையில் தேய்ந்து மின்னுகிற இடம்கூடத் தெரிந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி கீழே கடையில் இருந்த தன் சித்தப்பாவை மாடிக்குக் கூட்டிவந்து காட்டினார். நான் செய்ததை இன்னொருவர் ஆள் கூட்டிவந்து காட்டுவது எனக்கு அதுதான் முதல் தடவை.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஒரு மாதம் போனதும் அவள் மறுபடி கேட்டாள்.

"பின்னாடி இருக்கறத இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்க முடியுமாங்கண்ணா?"

செய்தேன். அப்புறம் லைட்டைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன். அதன்பின் மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். "இன்னாது இது, கண்ணு கூசுது. வெல்டிங் பட்டறையில உக்காந்துகினு இருக்கற மாதிரி இருக்குது" என்றான் ஒருவன். அதனால் ஒவ்வொரு மிஷினுக்கும் தனித்தனியாக வெளிச்சத்தை வைத்துக்கொள்ளும்படி ஒரு சின்ன ஃபைல் எழுதினேன். மற்ற ஏழு மிஷினிலும் பழைய அளவு. அவள் மிஷினில் மட்டும் அவள் கேட்டபடி. முதலாளியிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. சென்னைக்காரர்களோ, எல்லாரும் ஒரே வெளிச்சத்தில்தான் பார்க்கவேண்டும் என்று முன்பே எழுதி அனுப்பியிருந்தார்கள். அதைப் படித்தவன் நான் ஒருவன்தான்.

இன்னும் சில விஷயங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன, எனக்கு அவை சேர்ந்து ஒன்றாகத் தெரியவில்லை. வழியில் கிடக்கும் ஸ்டூலில் அவள் அடிக்கடி இடித்துக்கொள்வாள். பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிடுவாள். ஐந்தரைக்கெல்லாம் அவள் அப்பா டிவிஎஸ்ஸில் வந்து கீழே நிற்பார். மார்கழியில் ஐந்துக்கே வந்துவிடுவார். வாத்தியார் ரொம்பக் கண்டிப்பு, பெண்ணை யாரோடும் பேச விடமாட்டார் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. அப்போதெல்லாம் தினமும் போகும். கீழே போய் டீ குடிக்கலாம் என்று எல்லாரும் எழுந்து போனார்கள். நான் கடைசியாகப் போனபோது அவள் நாற்காலியைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வரலியாமா?"

"வரேன். நீங்க முன்னாடி போங்க, பின்னாடியே வரேன்."

எங்கள் மாடிப்படிக்கு ஜன்னல் கிடையாது. நான் இறங்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். ஒரு கையைச் சுவரில் அழுத்தி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியின் விளிம்பையும் செருப்பு முனையால் தேடித் தேடி இறங்கினாள். அது படிதானா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த காலை எடுத்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், மற்றவர்கள் கை கழுவப் போன பிறகு கேட்டேன். அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"சின்ன வயசுலருந்து சாயந்திரமானா சரியா தெரியாது. மாலைக்கண்ணுன்னு பப்பாளி, முருங்கக்கீரன்னு குடுத்தாங்க. வேலூர்ல காட்டுனப்போதான் அது இல்லன்னு தெரிஞ்சிது. கண்ணுக்குள்ள திரை மாதிரி ஒண்ணு இருக்குதாம், அது ஓரத்துலருந்து காஞ்சிகினே வருதாம். அப்பாவும் அம்மாவும் சொந்தமான்னு கேட்டாரு டாக்டரு. அம்மாவுக்கு அப்பா தாய்மாமன்."

"மருந்து?"

"இல்லையாம். எங்கண்ணனுக்கு முழுசா போயிடுச்சி. வீட்லதான் இருக்கறான்." கொஞ்சம் நிறுத்தினாள். "இப்போ எனக்கு நடுவுல மட்டும் நல்லா தெரியுது. மூங்கில் குழாய்க்குள்ள பாக்கற மாதிரி. வெளிச்சம் மட்டும் நிறைய வேணும்."

நான் மிச்சச் சோற்றை ஒதுக்கி வைத்தேன்.

"போளூர்லருந்து ஒரு சம்மந்தம் பேசிகினு இருக்கறாங்க" என்றாள். "யாருகிட்டயும் சொல்லிடாதீங்கண்ணா. சார்கிட்டயும்."

"அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

"அப்பா சொல்லிக்கறேன்னாரு. எப்போன்னு தெரியல."

சொல்லமாட்டேன் என்றேன். அன்று மத்தியானமே அவள் மிஷினில் பின்னணியைக் கிட்டத்தட்ட வெள்ளையாக்கி, மூன்று லைட்டையும் இரண்டு மடங்காக்கினேன். "இப்போ?" என்றேன். "இப்போ நல்லாயிருக்குது" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை அவள் கேட்பதற்கு முன்னால் நானே போய், "ஏத்தட்டுமா?" என்று கேட்பேன். ஏற்றச் சொல்வாள். அவள் பார்வை எவ்வளவு குறைகிறது என்று அவள் அப்பாவுக்குத் தெரிந்ததைவிட எனக்கு நன்றாகத் தெரிந்தது, அந்த ஃபைலில் எண்ணாகவே தெரிந்தது. நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் கூடினால் நிறம் வெளுக்கும். வெளுத்ததைச் சரிசெய்யத் தீட்டுகிற கை தானாகவே அடர்த்தியைக் கூட்டும். இதைத் தெரிந்துகொள்ள எம்.சி.ஏ. வேண்டாம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருஷம் பெரிய வேலை ஒன்று வந்தது. ஒரு முழுக் கடைத்தெரு. அதில் பாதிச் சாமான்களை அவளே செய்தாள். முதலாளி ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார். அனுப்புமுன் பார்க்கவேண்டியவன் நான். அவள் பொருள்களை என் மிஷினுக்குக் கொண்டுவந்து பார்த்திருக்க வேண்டும். அவசரத்தில் அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவள் மிஷினிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பித்தளை அண்டா, மூங்கில் கூடை, மிளகாய் மூட்டை. எல்லாம் அழகாக இருந்தன. அனுப்பிவிட்டேன்.

நான்கு நாள் கழித்துச் சென்னையிலிருந்து போன் வந்தது. அவள் செய்த எல்லாமே விளையாட்டுக்குள் போனதும் தார் பூசியதுபோல இருக்கின்றனவாம். படங்களும் அனுப்பியிருந்தார்கள். பித்தளை அண்டா அடிப்பிடித்த சட்டி மாதிரி இருந்தது. மிளகாய் எது, கரி எது என்று தெரியவில்லை. அந்தத் தெருவுக்கே தீ வைத்து அணைத்ததுபோல இருந்தது. கெடு முடிந்துவிட்டது, மிச்ச வேலையை வேறு ஆட்களிடம் கொடுக்கிறோம் என்றார்கள்.

முதலாளி எல்லாரையும் தன் மேஜையைச் சுற்றி நிற்க வைத்தார். அவர் கத்துகிறவர் இல்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், பட்டு வியாபாரி கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டார்.

"இதுங்கள எந்த வெளிச்சத்துல பாத்து கலர் போட்டீங்க?"

அவரே தொடர்ந்தார்.

"டியூப் லைட்டுல ஒரு கலர் தெரியும், வாசல்ல எடுத்துப் பாத்தா வேற கலர் தெரியும். நாங்க சேலைய வாசலுக்குக் கொண்டுபோயி பாக்காம எடுக்கவே மாட்டோம்." என் பக்கம் திரும்பினார். "ஏம்பா, பிரிவியூ எல்லா மிஷின்லயும் ஒரே லைட்டுதானே?"

அவள் எனக்கு எதிரில் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கத் தலையை மெதுவாகத் திருப்பி, என் முகத்தைத் தேடிப் பிடித்தாள்.

"ஆமாங்க சார்" என்றேன். "எல்லாத்துலயும் ஒண்ணுதான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ விதமாக எனக்கே விளக்கம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் ஏன் மாற்றினாய் என்று அடுத்த கேள்வி வரும், அவள் ரகசியம் வெளியே வந்துவிடும். அது நிஜம்தான். ஆனால் வாயைத் திறந்த அந்த நொடியில் என் மனதில் அவள் இல்லை. சென்னைக்காரர்கள் சொன்னதை மீறி மாற்றியவன் நான், பார்க்காமல் அனுப்பியவன் நான், இது தெரிந்தால் என் வேலை போகும். அதுதான் இருந்தது.

முதலாளி அவளைத் தன் மிஷினில் உட்காரச் சொன்னார். "இந்த அண்டாவ எம்முன்னாடி சரிபண்ணு, பாக்கலாம்." அவர் மிஷினில் பழைய சாம்பல், பழைய வெளிச்சம். அவள் மவுஸைப் பிடித்தாள். அண்டாவின் விளிம்பில் தீட்ட வேண்டிய மஞ்சளை இரண்டு விரல் தள்ளி வெறும் இடத்தில் இழுத்தாள். அழித்தாள். முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனாள். மறுபடி இழுத்தாள். நாங்கள் ஏழு பேர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கண்ண எங்கம்மா வெச்சிகினு வேல செய்யற?" என்றார் முதலாளி. சாதாரணமாக எல்லாரிடமும் சொல்கிற வார்த்தைதான். அவருக்குத் தெரியாது.

அவள் எழுந்தாள். "நான் வேலைலருந்து நின்னுக்கறேங்க சார்" என்றாள். தன் பையை எடுத்துக்கொண்டு, சுவரைத் தொட்டபடி படியிறங்கிப் போனாள். அப்போது மணி மூன்றுகூட ஆகவில்லை. அவள் அப்பா வர இன்னும் இரண்டரை மணி நேரத்துக்குமேல் இருந்தது. பட்டுக்கடை வாசலில் போட்டிருந்த பெஞ்சில் ஐந்தரை வரைக்கும் உட்கார்ந்திருந்தாள் என்று கடைப் பையன்கள் சொன்னார்கள். நான் இறங்கிப் போகவில்லை. அந்த நேரத்தில் அவள் மிஷினை ஆன் செய்து, நான் எழுதிய ஃபைலை அழித்துவிட்டு, மற்ற ஏழு மிஷினைப்போல ஆக்கினேன்.

பத்து நாள் கழித்துப் போளூரிலிருந்து இரண்டு பெரியவர்கள் மாடியேறி வந்தார்கள். பெண் வேலை செய்த இடத்தில் விசாரிக்க வந்தவர்கள். முதலாளி மரியாதையாக உட்கார வைத்துப் பேசினார். "நல்ல எடத்துப் பொண்ணுங்க. கெட்ட பேரு ஒண்ணும் கெடையாது. வேலையிலதான் கொஞ்சம் கவனம் பத்தல" என்று அவர் சொன்னது கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அப்புறம் அவள் அப்பா சர்டிபிகேட் வாங்க வந்தார். போகும்போது என்னைப் படிக்கட்டுவரை கூப்பிட்டார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் இரண்டு பேனா.

"தம்பி, பாப்பா உங்களப் பத்திச் சொல்லிச்சு. கண்ணு விஷயம் உங்களுக்குத் தெரியுமாமே."

"ஆமாங்க சார்."

"யாருகிட்டயும் வாயத் தொறக்காம இருந்தீங்களே, அதுக்குத்தான் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு. கர்த்தர் உங்கள ஆசீர்வதிப்பாரு." என் கையைப் பிடித்துக்கொண்டார். "போளூர்காரங்க வேணாம்ட்டாங்க. அது போவட்டும். வேற பாக்கலாம்."

எதனால் வேண்டாம் என்றார்கள் என்று நான் கேட்கவில்லை. முதலாளி சொன்ன வார்த்தையாலா, எங்காவது கண் விஷயம் கசிந்ததா, வேறு ஏதாவதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் பிடித்த கையை நான் எப்போது இழுத்துக்கொண்டேன் என்பதும் ஞாபகமில்லை.

சென்னைக் கம்பெனி எங்களுக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஆனால் கணக்கு முடிக்கப் போனபோது முதலாளி என் மூன்று லைட் பிரிவியூவை அவர்களுக்குக் காட்டியிருக்கிறார். அவர்களுக்குப் பிடித்துப்போய், தங்கள் எடிட்டரிலேயே அதைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் என்னையும் அங்கே வேலைக்குக் கூப்பிட்டார்கள். போனேன். ஆரணி மாடி அதற்கடுத்த வருஷம் மூடப்பட்டது. கரண்ட் இல்லாமல் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முதலாளி கீழே கடைக்கே இறங்கிவிட்டார். சென்னையில் ஒவ்வொரு நாளும் நாற்பது ஐம்பது பேர் அந்தச் சதுரத்தைப் பார்த்து வேலை செய்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் செய்தது என்று கேட்டால் என்னைக் கை காட்டுவார்கள்.

மூன்று வருஷம் கழித்து ஒரு விடுமுறைக்கு ஊர் வந்தபோது ஆரணி பஸ் ஸ்டாண்டில் டீ சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணா? கம்ப்யூட்டர் அண்ணாதானே?"

அவளேதான். பக்கத்தில் அவள் அம்மா, கையில் இரண்டு பை. அவள் முகம் என் பக்கம் இருந்தது, ஆனால் கொஞ்சம் தள்ளி, என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்பிடி கண்டுபுடிச்ச?"

"சர்க்கர கம்மியான்னு சொன்னீங்க. குரலு மாறல." அப்பா ரிடையர் ஆகிவிட்டார், படவேட்டுப் பக்கம் அம்மா ஊருக்கே போய்விட்டோம், பிள்ளைகளுக்கு வாயாலேயே கணக்கு டியூஷன் எடுக்கிறேன் என்றாள். கல்யாணம் என்று ஏதும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "வெளிச்சம் இருக்கறது தெரியுது. ஆளு தெரியல" என்றாள்.

அம்மா பிஸ்கட் வாங்கக் கடைக்கு நகர்ந்ததும் சொல்லிவிட்டேன். எல்லா மிஷினும் ஒன்றுதான் என்று சொன்னது பயத்தால்தான், உனக்காக இல்லை என்றேன். நீ போனதும் அந்த ஃபைலை அழித்ததையும் சொன்னேன்.



"அது தெரியும்" என்றாள். "மறுநாள் காலைல டிபன் பாக்ஸ் எடுக்க அப்பா கூட வந்தேன். யாரும் வந்திருக்கல, கடைப் பையன்தான் தொறந்துவுட்டான். சும்மா மிஷினப் போட்டுப் பாத்தேன். இருட்டா இருந்துச்சி. சார்தான் மாத்திட்டாரோன்னு மொதல்ல நெனச்சேன். அப்புறம், சாருக்கு அதெல்லாம் மாத்தத் தெரியாதேன்னு..."

"அப்பாகிட்ட ஏன் சொல்லல? அவரு வந்து எங்கைய புடிச்சிகினாரு."

"சொல்லி?" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டாள்.  அம்மா பிஸ்கட்டோடு வந்தாள். "இவரு என்கூட வேல செஞ்சவரும்மா" என்றாள் அவள். அம்மா எனக்கும் ஒரு பிஸ்கட் கொடுத்தாள்.

படவேடு பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்தது. அம்மா முன்னால் ஏற, அவள் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு படியைக் காலால் தேடினாள். "ஜல்தி ஏறும்மா, வழியில நிக்காத" என்றார் கண்டக்டர். நான் இரண்டடி முன்னால் போனேன். அதற்குள் யாரோ ஒரு பெரியவர் அவள் கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டார்.